ஒரே கணக்கை இரண்டு இடத்தில் எழுதலாமா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிற்பகல் மழைக்கு முன் ஓர் அவசரம் இருக்கும். கொழுந்துச் சாக்குகள் சரிவிலிருந்து சாலையோரத்துக்கு இறங்கும். ஒவ்வொன்றாகத் தராசில் தொங்கும். எழுதுபவர் எடையை உரக்கச் சொல்லிவிட்டுக் குறித்துக்கொள்வார். தொழிற்சாலைக்குப் போகும் லாரி இன்ஜினை அணைக்காமல் நிற்கும். அந்தச் சில நிமிடங்களில் எழுதப்படும் எண்கள்தாம் மாதக் கடைசியில் ஒரு குடும்பத்தின் சம்பளம்.

நான் அந்த மலையில் வளர்ந்தவன். அப்பா ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிராணியாக இருந்தார். இப்போது நான் ஈப்போவில் சிறு நிறுவனங்களுக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மலையில் ஒரு தோட்டத்துக்கு நிறுவைக் கணக்கைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். நடந்த தப்பு அவர்களுடையது அல்ல, என்னுடையது. தரவுத்தளம் படிக்கும் மாணவர்கள் அதே தப்பைச் செய்யாமல் இருக்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

படிவம் 4-இல் கணினி அறிவியல் எடுத்தவர்கள் மலாயில் 'பெனோர்மாலான்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் நார்மலைசேஷன், தமிழில் இயல்பாக்கம். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து தொடங்கிய கோட்பாடு இது. பாடநூலில் முதல் இயல்பு வடிவம், இரண்டாவது, மூன்றாவது என்று படிப்படியாகப் போகும். தேர்வுக்கு அவை தேவை. ஆனால் அடியில் இருக்கும் எண்ணம் எளிது: ஒரு செய்தியை ஓர் இடத்தில் மட்டும் எழுது.

தோட்டத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிறுவைக்கும் எதிரே தொழிலாளியின் பெயர், கும்பல், வயலின் பெயர், வயலின் பரப்பளவு எல்லாவற்றையும் எழுதினால் என்ன ஆகும்? இப்போது கொழுந்தெடுப்பவர்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் அதிகம். முகமது என்ற ஒரே பெயரை மூன்று நாளில் மூன்று விதமாக எழுதிவிடுவார்கள். மாதக் கடைசியில் கணினி அவரை மூன்று ஆளாக எண்ணும். ஒருவர் கும்பல் மாறினால் பழைய வரிகளில் எதைத் திருத்துவது, எதை விடுவது? புதிதாக நட்ட வயலில் இன்னும் கொழுந்தே எடுக்கவில்லை என்றால் அதன் பரப்பளவை எழுத இடமே இருக்காது.

ஆகவே பிரிக்கிறோம். தொழிலாளர் அட்டவணை ஒன்று: எண், பெயர், கும்பல். வயல் அட்டவணை ஒன்று. கிலோவுக்கு எத்தனை சென், எந்தத் தேதியிலிருந்து என்று விலை அட்டவணை ஒன்று. நிறுவை அட்டவணையில் தேதி, தொழிலாளி எண், வயல் எண், கிலோ மட்டும். பெயர் தப்பாக இருந்தால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். நானும் இப்படித்தான் அமைத்தேன். அதுவரை எல்லாம் சரி.

அறிக்கை வர ஏன் இவ்வளவு நேரம்?

தோட்டத்தில் அப்போது சுமார் 150 பேர். ஒருவருக்கு நாளுக்கு மூன்று நிறுவை என்று வைத்தால் 450 வரிகள். மாதம் 26 வேலை நாள், 11,700 வரிகள். பழைய மூன்றாண்டுக் கணக்கையும் ஏற்றியபோது நிறுவை அட்டவணை 4 லட்சம் வரிகளைத் தாண்டியது. மாதச் சம்பள அறிக்கையைக் கேட்டால், அலுவலகத்தில் தேநீர் கலந்து குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் திரையில் மணற்கடிகாரம் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இன்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் கணினி அந்த 4 லட்சம் வரிகளையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்டிக்கொண்டிருந்தது. 150 பேருக்கு 150 தடவை. பெருக்கிப் பார்த்தால் 60 மில்லியன் வரிகளுக்கு மேல். தொழிலாளி எண்ணுக்கும் தேதிக்கும் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் போட்டிருந்தால் போதும். தடித்த புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருப்பதுபோல, ஒருவரின் ஒரு மாதத்துக்குரிய 78 வரிகளை மட்டும் கணினி நேராக எடுத்திருக்கும். ஒரே கட்டளை. ஐந்து நிமிட வேலை.

நான் அதைச் செய்யவில்லை. எங்கோ படித்த டீநார்மலைசேஷன் நினைவுக்கு வந்தது. இயல்பாக்கத்தை வேண்டுமென்றே தளர்த்துவது. வேகத்துக்காக ஒரே செய்தியை இன்னோர் இடத்திலும் எழுதிவைப்பது. பெரிய நிறுவனங்களெல்லாம் செய்கின்றன என்று கேட்டிருந்தேன். சொல்லும் கம்பீரமாக இருந்தது. தொழிலாளர் அட்டவணையிலேயே 'மாத மொத்தம்' என்று ஒரு பத்தி சேர்த்தேன். ஒவ்வொரு நிறுவை பதியும்போதும் அந்த எண் கூடிக்கொண்டே போகும். அறிக்கை கேட்டால் கூட்ட வேண்டியதே இல்லை. எடுத்துக் காட்ட வேண்டியதுதான்.

பொத்தானை அழுத்திய உடனே அறிக்கை வந்தது. அலுவலகத்தில் கைதட்டாத குறை.

இரண்டு சம்பளம் போனது. மூன்றாவது மாதம், எஞ்சியிருந்த தமிழ்ப் பெண்களில் ஒருவர், நான் மேலே போயிருந்த நாளில் அலுவலக வாசலில் நின்றார். கையில் ஒரு காலண்டர் தாள். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் அன்றைய கிலோ.

"தம்பி, நீங்கதானே இந்தக் கம்பியூட்டர் கணக்கு போட்டது? எனக்கு 27 கிலோ கொறையுது."

"இருக்காதுக்கா. மெஷின் கூட்டுறதுதானே."

"மெஷின் கூட்டட்டும். நானும் கூட்டினேன். நீங்க ஒரு தடவை பாருங்க."

பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. மாதத்தின் ஏழாம் நாள் 52 கிலோ என்று அடிக்க வேண்டியதை யாரோ 25 என்று அடித்திருந்தார்கள். மறுநாள் காலை கிராணி அதைக் கவனித்து, நிறுவை அட்டவணையில் 52 என்று ஒழுங்காகத் திருத்தியும் விட்டார். ஆனால் மொத்தத்தில் 25 ஏறியது ஏறியதுதான். திருத்தம் நடந்தால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று நான் நிரலில் எழுதவே இல்லை. புதிதாகப் பதிவதை மட்டும் நினைத்தேன், திருத்துவதை மறந்தேன். சம்பளச் சீட்டு அச்சானது மொத்தத்திலிருந்து.

கிலோவுக்கு 30 சென் என்று வைத்துக்கொண்டால் 27 கிலோவுக்கு 8 வெள்ளி 10 சென். பெரிய தொகையா என்று நீங்கள் கேட்கலாம். அந்த அக்கா கேட்கவில்லை. அன்று இரவு உட்கார்ந்து மூன்று மாதங்களுக்கும் எல்லாருடைய நிறுவைகளையும் திரும்பக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிட்டேன். பதினொரு பேருக்கு ஒத்துவரவில்லை. சிலருக்குக் குறைவு, சிலருக்குக் கூடுதல். குறைந்தவர்களுக்கு அடுத்த சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். கூடப் போனதைத் திரும்பக் கேட்பதில்லை என்று நிர்வாகி முடிவு செய்தார். மற்ற பத்துப் பேரிடம் காலண்டர் இல்லை. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் இன்றும் எனக்குத் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "குறுக்குக் கூட்டல் போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பாவின் செக்ரோல்

இந்த மலையில் தேயிலை வந்தது ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன். ஜே.ஏ. ரசல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை வந்தது. சரிவுகளைத் திருத்தியதிலும் கொழுந்தெடுத்ததிலும் தமிழர்களின் உழைப்பு பெரிது. கிராணி வேலைக்கு மலாயாத் தோட்டங்களில் மலையாளிகளையும் யாழ்ப்பாணத் தமிழர்களையும் நிறைய எடுத்தார்கள். அவர்கள் கையில் இருந்தது செக்ரோல் புத்தகம்.

செக்ரோலைப் பார்க்காத தலைமுறைக்காகச் சொல்கிறேன். அகலமான புத்தகம். இடப்பக்கம் வரிசையாகப் பெயர்கள், மேலே 1 முதல் 31 வரை தேதிகள். அன்றன்று நிறுவைச் சிட்டையில் இருப்பதைக் கூட்டி அந்தக் கட்டத்தில் எழுதுவார்கள். வலக்கோடியில் ஒவ்வொருவரின் மாத மொத்தம். அடியில் ஒவ்வொரு நாளின் மொத்தம். யோசித்துப் பாருங்கள்: சிட்டையில் இருப்பது ஒரு தடவை கட்டத்தில், மறுபடி வலக்கோடியில், மறுபடி அடியில். ஒரே கணக்கு நாலு இடத்தில். காட் எழுதியதைப் படித்தவர்கள் தலையில் கைவைப்பார்கள்.

ஆனால் அந்த நகல்களைப் பார்த்துக்கொள்ள ஒரு முறையும் கூடவே இருந்தது. மாதக் கடைசி இரவு அப்பா வலக்கோடி மொத்தங்களையெல்லாம் மேலிருந்து கீழாகக் கூட்டுவார். பிறகு அடி மொத்தங்களை இடமிருந்து வலமாகக் கூட்டுவார். இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சாப்பாடு ஆறிப்போகும். ஒரு கிலோ வித்தியாசத்துக்கு விடியும்வரை சிட்டைகளைப் புரட்டியதை நான் பார்த்திருக்கிறேன். சிட்டைகளைக் கட்டிப் பெட்டியில் வைத்திருப்பார். யாரும் தூக்கிப் போடக்கூடாது. புத்தகம் நனைந்து அழிந்தாலும் சிட்டைகளிலிருந்து இன்னொரு செக்ரோல் எழுதிவிடலாம்.

என் 'மாத மொத்தம்' பத்தியில் இந்த இரண்டுமே இல்லை. அதை மூலத்திலிருந்து மறுபடி உண்டாக்க நான் வழி வைக்கவில்லை. மூலத்தோடு ஒப்பிடும் வேளையும் குறிக்கவில்லை. நகல் வைத்ததைவிட, அதை அநாதையாக விட்டதுதான் என் குற்றம்.

எங்கே வைத்தேன், எங்கே எடுத்தேன்

முதலில் அந்தப் பத்தியை நீக்கினேன். இண்டெக்ஸ் போட்டேன். சம்பள அறிக்கை நிறுவைகளிலிருந்தே நேராகக் கூட்டப்பட்டு, மூச்சு விடுவதற்குள் வந்தது. சில லட்சம் வரிகள் என்பது இன்றைய தரவுத்தளத்துக்கு ஒரு சுமையே அல்ல. சிறு வியாபாரத்துக்குக் கணினி அமைக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் இந்த இடத்திலேயே நின்றுவிடலாம் என்பது என் கருத்து. மெதுவாக இருக்கிறதா? ஏன் மெதுவாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தரவுத்தளத்திடமே கேட்கலாம், எந்த அட்டவணையை எப்படிப் புரட்டியது என்று அது சொல்லும். பத்தில் எட்டு தடவை பதில் இண்டெக்ஸ்தான். எண்ணிக்கை என் அனுபவத்தில் வந்தது, ஆராய்ச்சி அல்ல.

ஆனாலும் அதே தோட்டத்தில் இரண்டு இடங்களில் நகல் வைக்காமல் முடியவில்லை.

ஒன்று, தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் டேப்லெட். மலைச் சரிவுகளில் தொலைபேசி அலை ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. ஒவ்வொரு நிறுவைக்கும் அலுவலகத் தரவுத்தளத்தைக் கேட்டுத்தான் பெயர் காட்ட வேண்டும் என்றால், சாக்கு தராசில் தொங்கிக்கொண்டே இருக்கும். எனவே காலையில் டேப்லெட் தொழிலாளர் எண், பெயர், கும்பல், நேற்றுவரையிலான மாத மொத்தம் இவற்றின் நகலை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறது. மாலையில் அன்றைய நிறுவைகளைக் கொண்டுவந்து அலுவலகத்தில் இறக்குகிறது. ஒவ்வொரு நிறுவைக்கும் தனி எண் உண்டு. அனுப்பும்போது இணைப்பு அறுந்து, மறுபடி அனுப்பினாலும் இரண்டு தடவை ஏறாது. பெயரையோ மொத்தத்தையோ டேப்லெட்டில் யாரும் திருத்த முடியாது. திருத்தம் அலுவலகத்தில் மட்டும். மொத்தத்துக்குப் பக்கத்தில் 'நேற்று மாலை வரை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். நகல் கொஞ்சம் பழையதாக இருக்கலாம். எவ்வளவு பழையது என்பதை மறைக்கக்கூடாது.

இரண்டாவது, நிர்வாகியின் வயல்வாரி ஒப்பீடு. எந்த வயல் பத்தாண்டுகளில் எப்படி விளைந்தது, எதைக் கவ்வாத்து வெட்டலாம், எதைப் பிடுங்கி மறுநடவு செய்யலாம் என்று பார்க்க அவருக்கு இது வேண்டும். பத்தாண்டில் நிறுவை வரிகள் 14 லட்சத்தைத் தொடும். வயல்கள் 40 என்றால், மாதத்துக்கு ஒரு வரி வீதம் சுருக்கி வைத்தால் 4,800 வரிதான். அவர் ஒரே மாலையில் இருபது விதமாகப் புரட்டிப் பார்ப்பார். ஆனால் பழைய மாதங்கள் மாறுவது அரிது. படிப்பது மிக அதிகம், எழுதுவது மிகக் குறைவு. இந்த மாதிரி இடத்துக்கென்றே பொருந்தியது டீநார்மலைசேஷன். பெரிய நிறுவனங்கள் விற்பனைப் பகுப்பாய்வுக்கென்று தனியாகத் தரவுக் கிடங்கு வைப்பதும் இதனால்தான். ரால்ஃப் கிம்பால் 1996-இல் எழுதிய நூல் அந்தத் துறையில் பலருக்குப் பால பாடம். அவர் சொல்லும் விண்மீன் அமைப்பில் நடுவே எண்கள், சுற்றிலும் விவரங்கள். அந்த விவர அட்டவணைகளில் ஒரே பெயர் பல வரிகளில் திரும்பத் திரும்ப வருவதைத் தெரிந்தே விடுவார்கள். அன்றாட வேலை நடக்கும் தரவுத்தளம் தனியே, இயல்பாக்கத்தோடு, அப்படியே இருக்கும்.

எங்கள் சுருக்க அட்டவணையை ஒவ்வோர் இரவும் அழித்துவிட்டு மறுபடி கூட்டுகிறோம். ஒவ்வொரு திருத்தத்தையும் துரத்திப் பிடிக்கும் நிரலைவிட இது எளிது. தோட்டத்தில் இரவு பதினொரு மணிக்கு யாருக்கும் அறிக்கை வேண்டியதில்லை.

நகல் போலத் தோன்றி நகல் அல்லாதது ஒன்றும் உண்டு. நேர்காணலுக்குப் போகிறவர்கள் இதைத் தெளிவாக வைத்திருங்கள். சம்பளச் சீட்டிலும் விற்பனைப் பில்லிலும் அன்றைய விலையை, அன்றைய வரி விகிதத்தைச் சேர்த்து எழுதிவைக்கிறோம். விலை அட்டவணையில்தான் அது ஏற்கெனவே இருக்கிறதே, மறுபடி ஏன் என்று சிலர் கேட்பார்கள். ஜி.எஸ்.டி. நினைவிருக்கிறதா? 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி 6 விழுக்காடாக வந்தது. 2018 ஜூன் 1-ஆம் தேதி சுழியமானது. செப்டம்பரில் அதன் இடத்துக்கு எஸ்.எஸ்.டி. திரும்பியது. ஒரு தேயிலைக் கடை, பில்லில் வரி விகிதத்தை எழுதாமல் பொருள் அட்டவணையிலிருந்து எடுத்துக் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 1-ஆம் தேதி காலை அங்கே விகிதத்தைச் சுழியமாக்கிய நொடியில், மூன்றாண்டுப் பழைய பில்களிலிருந்தெல்லாம் வரி காணாமல் போயிருக்கும். வரி அதிகாரி வந்தால் என்ன காட்டுவது? பொருளின் இன்றைய விலை ஒரு செய்தி. அன்று அந்த வாடிக்கையாளரிடம் வாங்கிய விலை வேறொரு செய்தி. இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல். குறைந்தபட்ச சம்பளமும் அப்படித்தான்: 2022 மே மாதம் 1,500 வெள்ளி, 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. பழைய சீட்டு பழைய எண்ணோடுதான் நிற்க வேண்டும். சம்பளம் கொடுத்த மாதத்தில் பிழை கண்டால் அந்தச் சீட்டை மாற்றுவதில்லை. அடுத்த மாதச் சீட்டில் திருத்த வரி ஒன்று சேர்க்கிறோம். அக்காவின் 27 கிலோவும் அப்படித்தான் ஏறியது.

நகல் வைக்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், இப்போது நான் திருப்பிக் கேட்பவை நேரடியானவை. இது கெட்டுப்போனால் எதிலிருந்து மறுபடி உண்டாக்குவீர்கள்? எப்போது ஒப்பிடுவீர்கள், வித்தியாசம் வந்தால் யார் பார்ப்பார்? ஒரு நாள் பழையதாக இருந்தால் யாருக்கு நட்டம்? நிர்வாகியின் வயல் ஒப்பீடு ஒரு நாள் பிந்தினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. சம்பளம் அப்படி அல்ல. அதனால் சம்பளத்தை மூலத்திலிருந்து மட்டுமே கூட்டுகிறேன், எவ்வளவு நேரம் ஆனாலும்.

இரவு நிரலின் கடைசி வேலையாக அப்பாவின் குறுக்குக் கூட்டலைச் சேர்த்தேன். தொழிலாளர்வாரியாக நிறுவைகளைக் கூட்டி ஒரு மொத்தம், சுருக்க அட்டவணையில் வயல்வாரியாகக் கூட்டி ஒரு மொத்தம். தொழிற்சாலை வாசலில் லாரிக்குப் போடும் எடை மூன்றாவது. அது வேறு தராசு, வேறு ஆள் எழுதுவது, அதனால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். சாக்கு எடையும் ஈரமும் கழிவதால் அது கிலோ பிசகாமல் ஒத்துவராது. வழக்கத்தைவிட அதிகம் விலகினால் மட்டும் காட்டும். காலையில் கிராணி அலுவலகம் திறந்ததும் முதலில் வருவது அந்தத் திரைதான். ஒத்துவந்தால் வெறுமையாக இருக்கும்.

போன மாதம் மேலே போனபோது அந்த அக்காவைச் சாலையோரத்தில் பார்த்தேன். சாக்கைத் தராசில் மாட்டிவிட்டு டேப்லெட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சரியாக வருகிறதா என்று கேட்டேன்.

"வருது தம்பி. காலண்டர்லயும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.